நாக்குக்கு அடியில் வைக்காத மாத்திரை

இதை எழுதட்டுமா என்று முதலில் என் மனைவி ஷீலாவிடம்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"எழுதுங்க. ஆனா எனக்க பேர மாத்தாண்டாம். மாத்தினா வேற எவளையோன்னு ஊர்ல நெனைச்சிரப் போறாவ."

ஆகவே பெயரை மாற்றவில்லை. எனக்கு வயது நாற்பத்தொன்பது. இரணியல் பக்கம் ஊர், தொழில் வாழைக்குலை வியாபாரம். விடியுமுன் சந்தைக்குப் போய் ஏலத்தில் குலை எடுப்பேன், மிச்ச நாள் முழுக்கக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சுமக்கிறதும் இறக்குகிறதும் வேறு ஆட்கள். என் உடம்பில் அதிகம் வேலை செய்தது வாய்தான். ஏலம் கேட்பதற்கு, பேரம் பேசுவதற்கு, ஆறு வேளை சாயா குடிப்பதற்கு, பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிப்பதற்கு. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் மதுவும் உண்டு. தொப்பை வந்தபோது, வியாபாரிக்கு அது ஒரு லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் தொந்தரவு தொடங்கியது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனைவியோடு சேரும்போது உறுப்பு விறைக்கவில்லை. விறைத்தாலும் நிலைக்கவில்லை. ஆசை இருந்தது, உடம்பு கேட்கவில்லை. முதல் தடவை அலைச்சல் என்று விட்டேன். இரண்டாவது தடவை ஏத்தவாழைக்காய் விலை சரிந்த கவலை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் கழிந்தபோது சொல்லக் காரணம் ஏதும் கைவசம் இல்லை. அதனால் தோற்கிற இடத்துக்கே போகாமலிருப்பது புத்தி என்று முடிவு செய்தேன்.

அப்போது ஷீலாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் எடுக்க வேண்டியதாயிற்று. "பாவம், அவளுக்கு மேலுக்கு முடியாது, ஓய்வு எடுக்கட்டும்" என்று நானாக ஒரு கருணையை உண்டாக்கி, முன்னறைக் கட்டிலுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். கேட்டால் என் குறட்டை அவள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்வேன். அவளும் ஏதும் கேட்கவில்லை. எங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இரண்டே பேர், ஆளுக்கொரு அறை.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் செவ்வாழைக்கு ஒரு கியாதி உண்டு, ஆண்மைக்கு நல்லது என்று. கல்யாண வீட்டுக்காரர்கள் குலை வாங்க வந்தால் நான் ஒரு வசனம் எடுத்துவிடுவேன். "மாப்பிளைக்கு ஒரு மண்டலம் குடுங்க. சாயங்காலம் ஒரு பழம், தேனுல தொட்டு. பத்தாம் மாசம் தொட்டிலுக்கு ஆசாரிகிட்ட சொல்லிக்கிடுங்க." வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள், பேரம் பேச மறந்துபோவார்கள். இருபது வருடம் இதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் கடைச் சரக்கில் நானே ஒரு மண்டலம் தொடங்கினேன். நாற்பத்தெட்டு நாள். தேன் தொட்டு. ஒன்று போதாது என்று தோன்றியதால் இரண்டு.

இருபதாவது நாள் தாகம் எடுக்கத் தொடங்கியது. மணிக்கொரு தரம் சிறுநீர் போக வேண்டியிருந்தது. உறுப்பின் நுனியில் அரிப்பும் சிவப்பும் வந்தது. சூடு என்று இளநீர் குடித்தேன். எடை குறைந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சந்தையில் ஒருவர், "என்ன ஓய், எளமை திரும்புகு!" என்றார். பழம் வேலை செய்கிறது என்று நான் இன்னொரு சீப்பு செவ்வாழையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே தலையில் குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மண்டலம் முடிந்தது. உடம்பு கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என்னோடு பள்ளியில் படித்த ஜஸ்டின் கல்ஃபிலிருந்து லீவில் வந்தான். அவனிடம், வேறு ஒருவருக்குக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எனக்கத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு மக்கா…"

ஜஸ்டின் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்த ஆளு வாழைக்குலை யாவாரமாடே?"

மறுநாள் ஒரு அட்டை மாத்திரை கொண்டுவந்து தந்தான். "அங்க இத முட்டாயி கணக்கா திங்கான். ஒண்ணு போடு. ஒரு மணிக்கூறு பொறு. பெறவு எனக்கு நன்றி சொல்லாண்டாம்." அவன் நல்லதைத்தான் நினைத்தான். மருத்துவம் படிக்காத நல்லெண்ணம் எவ்வளவு ஆபத்து என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாள் குறித்தேன். மூன்று மணிக்கு மாத்திரை போட்டேன். மூன்றரைக்கு வாசலில் பைக் சத்தம். ஷீலாவின் தம்பி சுரேஷ், மனைவி பிள்ளைகளோடு, கையில் பை நிறைய நெய்மீன். "கடப்புறத்துக்குப் போனோம் அத்தான், நல்ல மீனு கெடைச்சு" என்று உட்கார்ந்தான். என் முகமெல்லாம் சூடேறிச் சிவந்தது. தலை விண்விண் என்றது. மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, அவன் தன் வீட்டு மதில் தகராறைச் சொல்லச் சொல்ல "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுரேஷ், "அத்தானுக்கு என்னாச்சு, மொகம் செவந்து கெடக்கு?" என்று கேட்க, "பிரஷராயிருக்கும்" என்று ஷீலா சொல்ல, அந்த மாத்திரை மதில் தகராறுக்கே போயிற்று. அவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். போன மாத்திரை போகட்டும் என்று இன்னொன்று போட்டேன். ஆறு பேருக்கு மீன் வறுத்துக் களைத்துப்போன ஷீலா எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள்.

திங்கள் காலை ஏலத்தில் ஒரு மட்டி வாழைக்குலைக்கு விலை கேட்கக் கையைத் தூக்கினேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் ஒரு அழுத்தம். அது இடது தோளுக்கும் தாடைக்கும் ஏறியது. வியர்வை சட்டையை நனைத்தது. வாயுவாக இருக்கும் என்று சோடா கேட்டேன். நல்ல வேளை, குலை இறக்கும் ஆட்கள் என் பேச்சைக் கேட்காமல் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒன்பது கட்டில், ஒன்பதிலும் ஆள். என்னைப் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ஈசிஜி என்பது இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாகக் காட்டும் படம். வலி கிடையாது, ஒயரை ஒட்ட மார்பு முடியைச் சிரைத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் எரியும். மென்று விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் உறையாமலிருக்க. அதற்குள் ஷீலாவும் சுரேஷும் வந்துவிட்டார்கள். ஷீலா கைலியைப்போல் எதையோ பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவசரத்தில் அவள் எடுத்து வந்தது சமையலறைத் திரைச்சீலை என்று பிறகுதான் தெரிந்தது.

பணியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். நர்ஸிடம் ஒரு சின்ன மாத்திரையை எடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தார்.

"ஐயா, இத நாக்குக்கு அடியில வைக்கப் போறோம். வலி குறையும். அதுக்கு முன்ன ஒரு கேள்வி. ரெண்டு மூணு நாளுக்குள்ள வேற மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

"இல்ல."

"ஆண்மைக்குன்னு விக்கிற மாத்திரை? விறைப்புக்கு? எல்லாருகிட்டயும் கேக்கிறதுதான். சொல்லிருங்க."

கட்டிலுக்கு ஒரு பக்கம் ஷீலா. மறுபக்கம் சுரேஷ். அடுத்த கட்டில்காரருடைய மொத்தக் குடும்பம். நான் சிரிக்க முயன்றேன். "சே, அந்த எடவாடெல்லாம் நமக்குக் கெடையாது டாக்டர்."

டாக்டர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போட்டிருந்தா தப்பில்ல. ஆனா அதுவும் ரத்தக்குழாய விரிக்கும், இதுவும் விரிக்கும். ரெண்டும் சேந்தா பிரஷர் அப்படியே கீழ போயிரும். திரும்ப ஏத்த எங்களால முடியாமலும் போகலாம்."

"இல்ல டாக்டர்" என்றேன் மறுபடியும்.

நர்ஸ் அட்டையைப் பிரித்தார். "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க." அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை விரல் நுனியில் என் முகத்துக்கு நேரே வந்தது. செத்துப்போவேன் என்ற பயமும், மச்சினன் முன்னால் மானம் போகும் என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் சம எடையில்தான் இருந்தன. வாயை இறுக மூடிக்கொண்டேன். நர்ஸ் தாடையைப் பிடித்தார். நான் பல்லைக் கடித்தேன். வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து அவர் டாக்டரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு போட்டேன் டாக்டர்" என்றேன், பல்லிடுக்கில். "நேத்து மூணு மணிக்கு ஒண்ணு. ஏழு மணிக்கு ஒண்ணு."

டாக்டர் நர்ஸின் கையை அப்படியே பிடித்து விலக்கினார். "அந்த மாத்திரையும் வேண்டாம், அந்த வகை ஊசியும் வேண்டாம்" என்று என் தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதினார். "சொன்னீங்களே, அது போதும்" என்று என் தோளில் தட்டினார். சுரேஷ் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஷீலாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"யாருக்காக?" என்றாள்.

சத்தமே இல்லை அந்தக் கேள்வியில். "ஒரு வருசமா எங்கிட்ட வரல்ல. அப்போ அந்த மாத்திர யாருக்க வீட்டுக்குப் போகதுக்கு?"

பதில் சொல்ல நான் தலையைத் தூக்கினேன். அதற்குள் கட்டிலைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஆஞ்சியோ செய்யும் அறைக்கு. கதவு மூடும்வரை அவள் அந்தத் திரைச்சீலைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெஞ்சுவலியைவிட அது வலித்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஆஞ்சியோ என்பது பயப்படும் அளவுக்கு இல்லை. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை அனுப்பி, மருந்து பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். நாம் விழித்துக்கொண்டுதான் இருப்போம். எதிரே திரையில் என் இதயத்தின் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. ஒன்றில் ஓரிடத்தில் நூல்போல ஆகியிருந்தது. அந்த இடத்தைப் பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமலிருக்க ஒரு சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். அதற்குப் பெயர் ஸ்டென்ட். இதயத் தசைக்குப் பெரிய சேதம் வருமுன் வந்துவிட்டீர்கள் என்றார்கள். நானோ, கதவுக்கு வெளியே நடக்கும் சேதத்தை நினைத்துப் படுத்திருந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரே ஒரு ஆள் பத்து நிமிடம் பார்க்கலாம். நான் வாசலையே பார்த்துக் கிடந்தேன். வந்தது சுரேஷ். அவன் இரண்டு நிமிடம் ஸ்டாண்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலை ஆராய்ந்தான். பிறகு நர்ஸ் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"அத்தான், அக்கா கீழ இருக்கா. வரமாட்டேங்கா. அது கெடக்கட்டு. ஒரு காரியம் கேக்கேன், தப்பா எடுக்காண்டாம். எனக்கும் ஒரு வருசமா… அதுதான். அந்த மாத்திர இன்னும் கைவசம் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் மானிட்டர் கூவியது. நர்ஸ் ஓடி வந்தார். நாற்பத்திரண்டு வயதில் என் மச்சினனும் நான் இருந்த அதே அவஸ்தையில்தான் இருக்கிறான். காலையில் அவன் முன்னால் போன மானம் அப்படியே திரும்பி வந்ததுபோலிருந்தது.

"லேய் சுரேஷே, மொதல்ல போயி சுகரு பாரு. பெறவு பிரஷர். மாத்திரைக்கு அலையாத" என்றேன். அவன் கீழே போய் ஆய்வகத்தில் விரல் கொடுத்தான் என்று மறுநாள் தெரிந்தது. அவனுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இருந்தது.

என்னுடைய சர்க்கரை முந்நூற்று எண்பத்தாறு. மூன்று மாதச் சராசரி காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு. நேற்று பட்டினி கிடந்து இன்றைக்கு ஏமாற்ற முடியாத பரிசோதனை. அதிலும் பத்துக்கு மேல். ஆறரைக்கு மேல் போனாலே நீரிழிவுதான். உணவு ஆலோசகராக வந்த பெண் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, தினசரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மரச்சீனிக் கிழங்கு, மீன்குழம்பு, ஆறு சாயா என்று எழுதிக்கொண்டே வந்தவர், "அப்புறம் செவ்வாழை ரெண்டு, தேனுல" என்றதும் பேனாவை மூடிவிட்டார். "யார் சொன்னா?" என்றார். நானேதான் என்று எப்படிச் சொல்வது. "கடைக்காரன் ஒருத்தன்" என்றேன்.

இரண்டாம் நாள் காலையில் என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பத்து மணிக்கு ஷீலா வந்தாள். தூக்குவாளியில் பயறு கஞ்சி, தேங்காய் குறைத்த சம்பந்தித் துவையல். உப்புக் குறைவாக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, உப்பே இல்லை. ஸ்பூனால் ஊட்டினாள். நான்காவது வாய்க்கு நான் வாயைத் திறக்கவில்லை.

"ஒனக்காகத்தான்" என்றேன்.

"என்னது?"

"மாத்திரை. நேத்து கேட்டியே. ஒனக்காகத்தான் போட்டேன். ரெண்டு வருசமா எனக்கு ஒடம்பு கேக்கல்ல ஷீலா. அதான் கட்டில மாத்தினேன். கொறட்டையெல்லாம் பொய்யி."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவதுபோல் நடித்தார், நன்றாக நடிக்கத் தெரியவில்லை.

"கர்ப்பப்பைய எடுத்ததுக்குப் பெறவு," என்றாள், "நான் பொம்பள இல்லன்னு ஒங்களுக்கு ஆயிப்போச்சுன்னு நெனைச்சேன். குளிச்சிட்டு வரும்போ வயித்துல தழும்பப் பாத்துட்டு நீங்க மொகத்தத் திருப்பினிய. ஒரு தடவ. நான் கண்டேன்."

நான் அப்படித் திருப்பியதே எனக்கு நினைவில்லை. ஒருவேளை என் கையாலாகாத்தனத்தை நினைத்துத் திருப்பியிருப்பேன். அவள் அதை ஒரு வருடம் முழுக்கத் தன் வயிற்றில் சுமந்திருக்கிறாள். மகளோடு போய் கோயம்புத்தூரில் வீடு எடுத்துத் தங்கிவிடலாம் என்றுகூட யோசித்தாளாம். மகளிடம் பேசியும் வைத்திருக்கிறாள். நான் அழுதேன். மறைக்கவில்லை.

"அழாண்டாம், நெஞ்சுல வலச்சாமானம் வச்சிருக்காவ" என்றாள். பிறகு, "ரெண்டு பேருமா சேந்து நல்ல முட்டாளுக" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை முடித்தாள். என் கஞ்சியை. அவள் காலையிலிருந்து ஏதும் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று மத்தியானம் இதய டாக்டர் சுற்று வந்தார். மீசை நரைத்தவர், அவசரப்படாதவர். நான் கேட்குமுன் ஷீலா கேட்டாள். "டாக்டர், இவரு நெஞ்சுக்கும் அதுக்கும் சம்மந்தம் உண்டா?"

அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மருந்துத் தாளின் பின்பக்கம் இரண்டு குழாய் வரைந்தார், ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. "விறைப்புங்கிறது ரத்த ஓட்டம்தான் அம்மா. அங்க போற குழாய் ஒல்லி, இதயத்துக்குப் போறது கொஞ்சம் பெரிசு. அழுக்கு படியும்போது ஒல்லிக் குழாய்தான் முதல்ல அடைபடும். பல பேருக்கு நெஞ்சுவலிக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாலயே அங்க தெரிஞ்சிரும். இவருக்கும் தெரிஞ்சுது. வந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சர்க்கரை ரத்தக்குழாயையும் கெடுக்கும், உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பையும் கெடுக்கும். நுனியில் வந்த அரிப்பு சூடு அல்ல, சர்க்கரை கூடினால் வளரும் பூஞ்சை. சிகரெட் குழாயைச் சுருக்கும். தொப்பை ஆண் ஹார்மோனைக் குறைக்கும். மது ஆசையைத் தூண்டிவிட்டு உடம்பைப் படுக்கப்போடும். தூக்கம் குறைந்தாலும் கெடும். சில பிரஷர் மாத்திரைகளாலும் வரலாம், அதற்காக நாமாக நிறுத்தக்கூடாது, சொன்னால் மாற்றித் தருவார்கள். "எல்லாத்துக்கும் மேல ஒரு பயம் உண்டு. போன தடவை நடக்கலியே, இந்தத் தடவையும் நடக்காதோங்கிற பயம். அதுக்கு ஸ்டென்ட் கிடையாது. அதுக்கு இவங்கதான்" என்று ஷீலாவைக் காட்டினார்.

ஷீலா விடவில்லை. "டாக்டர், எனக்கும் ஒண்ணு கேக்கணும். எனக்கு அங்க வறண்டு, நோவுது. அத நான் இவருகிட்ட சொன்னதில்ல." நான் திகைத்துப்போனேன். இருபத்துமூன்று வருடம் குடும்பம் நடத்துகிறேன், என் மனைவிக்கு வலிக்கிறது என்று அவள் ஒரு டாக்டரிடம் சொல்லும்போதுதான் கேட்கிறேன். அவர் அதே ஆஸ்பத்திரியின் பெண் மருத்துவரிடம் அனுப்பினார். திரும்பி வரும்போது ஷீலாவின் கையில் ஒரு ஜெல்லி டியூப், முகத்தில் ஒரு தெளிவு. "கர்ப்பப்பை பிள்ள தங்குக எடம்தானாம். ஆச தங்குக எடம் அது இல்லியாம்" என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற குரலில். பக்கத்துக் கட்டில்காரர் இந்தத் தடவை நடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "டாக்டரம்மா ரூம் எத்தனையாவது மாடி?" என்று தன் மனைவிக்காக விசாரித்தார்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மனைவியோடு மறுபடி சேருவது எப்போது? கேட்க நாக்கு எழவில்லை. இதய டாக்டரே சொன்னார். "ரெண்டு மாடி படி, நிக்காம ஏறி, நெஞ்சு வலிக்காம மூச்சு வாங்காம இருந்தா அதுக்கும் உடம்பு தயார். ரெண்டும் ஏறக்குறைய ஒரே உழைப்புதான். எதுக்கும் அடுத்த பரிசோதனைக்கு வந்து என்கிட்ட கேட்டுட்டு. அந்த மாத்திரை மட்டும் எங்ககிட்ட கேக்காம தொடக்கூடாது."

எங்கள் வீட்டுக்கு ஒரே மாடிதான். ஷீலா என்னை இரண்டு தடவை ஏறவைத்தாள். முதல் வாரம் பாதிப் படியில் உட்கார்ந்தேன். பாக்கி வேலையையும் பார்த்தோம். சிகரெட்டை விட்ட பத்து நாள் நான் மனிதனாகவே இல்லை, உப்பில்லாத கஞ்சிக்கெல்லாம் அவளிடம் சண்டை போட்டேன். காலையில் குளத்தங்கரை வழியாக இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினோம். கண்டவர்கள், "என்ன, ஜோடியா எங்கன?" என்று கேட்பார்கள். மரச்சீனி வாரத்துக்கு ஒருநாள் ஆயிற்று. பழம், கொய்யா ஒன்றோடு சரி. ஜஸ்டின் பார்க்க வந்து, குற்றவாளிபோல் நின்றான். அவனையும் சர்க்கரை பார்க்க அனுப்பினோம். முன்னறைக் கட்டிலில் இப்போது துவைத்த துணி மடித்து வைக்கிறோம்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் தலையசைத்துவிட்டார். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுந்துபோகப் பார்த்தேன். ஷீலா என் கையைப் பிடித்து, "கெடங்க. எங்க போறிய, ஏலத்துக்கா?" என்றாள். படுத்துக்கொண்டேன். அவள் தன் தழும்பின்மேல் என் கையை வைத்துக் காட்டினாள். தையல் எத்தனை, எங்கே தொட்டால் இன்னும் மரத்திருக்கிறது என்று சொன்னாள். நான் அந்த இரண்டு வருடத்தில் எதையெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல லேசாயிற்று. அடுத்த வாரம் நடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம் வந்தது, புதுசாகக் கட்டினவர்களுக்கு வருவதுபோல.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போனோம். சர்க்கரை சராசரி ஏழுக்குக் கீழே. டிரெட்மில்லில், அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் பரிசோதனையில், குறை இல்லை. டாக்டர் தாளையெல்லாம் அடுக்கிவிட்டு, "மத்த விஷயம் எப்படி?" என்றார்.

"எல்லாம் நார்மல் சார்" என்றேன்.

"இல்ல டாக்டர்" என்றாள் ஷீலா. "பத்து தடவைன்னு வச்சா ஆறு தடவ சரியா வருகு. நாலு தடவ வரல்ல."

நான் சுவரில் தொங்கிய இதயத்தின் படத்தைப் பார்த்தேன். டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "பத்துக்குப் பத்துன்னு யாருக்கும் கிடையாதும்மா. ஆனா வேணும்னா இப்போ அந்த மாத்திரையே நான் எழுதித் தரலாம். இவருக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மருந்து ஒண்ணும் இல்ல, இதயமும் நல்லா இருக்கு. குறைஞ்ச அளவுல, பயமில்லாம போடலாம். அந்த நாலும் சரியாயிரும்."

அவர் பேனாவை எடுத்தார். நான் ஷீலாவைப் பார்த்தேன்.

"அந்த நாலு நாளும் நாங்க பேசிட்டுக் கெடப்போம் டாக்டர்" என்றாள். "கல்யாணம் களிஞ்சு இத்தன வருசத்துல இவரு எங்கிட்ட இவ்வளவு பேசினது கெடையாது. மாத்திர எழுதாண்டாம். அந்த நாலு எனக்கு வேணும்."